இயந்திரம் தவறினால்?
பாக்டீரியாவின் பெயரைச் சில மணி நேரத்தில் சொல்லும் தானியங்கிக் கருவிகளுக்கும் பரீட்சை வைக்க வேண்டியிருக்கிறது.

மழைக்காலம். கர்நாடகக் கடலோரத்தில் வயலில் வேலை செய்யும் ஒரு சர்க்கரை நோயாளி விடாத காய்ச்சலுடன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறது. இயந்திரம் தரும் பெயர்: பர்க்கோல்டேரியா செபாசியா. உண்மையான குற்றவாளி அதன் நெருங்கிய உறவான பர்க்கோல்டேரியா சூடோமாலியையாக இருந்தால்?

நோயாளியின் உயிரே ஊசலாடும். சூடோமாலியை தருவது மெலியாய்டோசிஸ். ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912-ல் விவரித்த நோய். கிருமி வாழ்வது ஈர மண்ணிலும் தண்ணீரிலும். உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேரை இது தாக்குகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2016-ல் வெளியான மதிப்பீடு. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 நாள். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமாவது வேண்டும். பெயர் மாறினால் இந்தச் சிகிச்சையும் மாறிவிடும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

இயந்திரம் ஏன் ஏமாறுகிறது? அட்டையிலுள்ள சிறு குழிகளில் சர்க்கரைகளும் பிற ரசாயனங்களும் இருக்கின்றன. கிருமி எதை மாற்றுகிறது என்று பார்த்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. லேசர் மூலம் புரதங்களை எடைபோடும் மால்டி-டாஃப் கருவியும் பட்டியலை நம்பியே இயங்குகிறது. பட்டியலில் சரியான மாதிரி இல்லையென்றால், பக்கத்துப் பெயரைச் சொல்லிவிடக்கூடும். செபாசியா குழப்பம் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

ஆகவேதான் பரீட்சை. மரபணுச் சோதனையால் அடையாளம் உறுதியான கிருமிகளைப் பெயரை மறைத்து இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். விடைகள் மூன்று வகை: சரி, தெரியவில்லை, தவறு. 'தெரியவில்லை' என்பதில் ஆபத்து குறைவு. வேறு சோதனைக்கு அனுப்பலாம். அடித்துச் சொல்லும் தவறுதான் ஆளைக் கவிழ்க்கும்.

மொத்த மதிப்பெண்ணும் ஏமாற்றும். 100 மாதிரிகளில் 95 ஈ.கோலை போன்ற சுலபமான கிருமிகள், 5 சூடோமாலியை என்றால், அந்த ஐந்திலும் தோற்ற இயந்திரம்கூட 95 வாங்கிவிடும். அந்தந்த வட்டாரக் கிருமிகளை வைத்துச் சோதிப்பது அவசியமாவது இதனால்தான்.

எளிய காவலும் உண்டு. ஆக்சிடேஸ் சோதனையில் தேறும் கிராம்-நெகடிவ் கிருமி, ஜென்டாமைசின், கோலிஸ்டின் வில்லைகளுக்கு மசியாமல் கோ-அமாக்சிகிளாவுக்கு மட்டும் அடங்கினால், சூடோமாலியையைச் சந்தேகிக்க வேண்டும். பல லட்ச ரூபாய் இயந்திரம் கோட்டைவிட்டதைச் சில ரூபாய் காகித வில்லை பிடித்துவிடலாம், அந்தத் தட்டை உற்றுப் பார்க்க ஓர் ஆள் இருந்தால்.