தீயை விட்டு வந்தா அணையுற சட்டை

இன்னைக்கு எபிசோடு ஒரு சட்டையைப் பத்தி.

கள்ளக்குறிச்சியில இருந்து மேற்கே போய், கோமுகி அணையைத் தாண்டி ஏறினா கல்வராயன் மலை. நிறைய இடம் இலையுதிர் காடு. பிப்ரவரி வாக்குல இலை கொட்ட ஆரம்பிச்சா, கோடை மழை வர்ற வரைக்கும் தரை முழுக்கச் சருகு. அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும். உள்காட்டுக்குள்ள ஃபயர் என்ஜின் போகாது. வனத்துறை ஊழியர்களும், கோடைக்குன்னு எடுக்கிற தீத்தடுப்புக் காவலர்களும் நடந்து போய்ப் பச்சைத் தழையால அடிச்சு அணைக்கணும். இல்லேன்னா தீக்கு முன்னாடி சருகைக் கூட்டி ஒதுக்கி, வெறும் தரையா ஒரு கோடு எடுக்கணும். தீக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு கிளையும், உடம்புல இருக்கிற துணியும்தான்.

‘தீப்பிடிக்காத உடை’ன்னு சொல்றோமே, அது கொஞ்சம் ஏமாத்துற பேரு. போதுமான சூடு கிடைச்சா எந்த உடையும் கருகும். இந்த வகைத் துணியோட வேலை ஒண்ணுதான்: நெருப்பை விட்டு நீங்க விலகின உடனே அது தானா அணைஞ்சிடணும்.

இதுக்கு ஒரு அழகான அளவு இருக்கு. ஒரு பொருள் தொடர்ந்து எரிய, சுத்தி இருக்கிற காத்துல குறைஞ்சது எவ்வளவு ஆக்சிஜன் வேணும்? சாதாரணப் பருத்திக்குச் சுமார் 18 சதவீதம். நாம மூச்சு விடுற காத்துல 21 இருக்கு. அதனால பருத்தி பத்திக்கிட்டா எரிஞ்சுக்கிட்டே போகும். 1960-கள்ல டூபாண்ட் கம்பெனி கொண்டு வந்த நோமெக்ஸ் இழைக்கு ஏறக்குறைய 28 வேணும். நம்ம காத்து அதுக்குப் பத்தாது, அவ்வளவுதான்! அந்தக் குணம் இழையோட மூலக்கூறுலயே இருக்கிறதால துவைச்சாலும் போகாது. விலை குறைவான இன்னொரு வழி, பருத்தியிலேயே பாஸ்பரஸ் சேர்மத்தை ஏத்துறது. சூடு பட்டா துணி எரியுற ஆவியா மாறாம, கரியா உறைஞ்சு நிக்கும்.

இப்போ பாலியஸ்டருக்கு வருவோம். இது 250–260 டிகிரி செல்சியஸ்ல உருகி, தோல்ல ஒட்டிக்கும். உரிச்சா தோலும் சேர்ந்து வரும். ‘பருத்தி கலந்திருக்கே’ன்னு நிம்மதியாகவும் முடியாது. கலப்புத் துணியில பருத்தி, விளக்குத் திரி மாதிரி நிக்குது. உருகின பாலியஸ்டர் அதுல ஊறி எரியுது. காக்கி யூனிஃபார்ம்னாலே நம்ம ஊர்ல ஞாபகம் வர்ற டெரிகாட்டன் இந்தக் கலப்புதான். என்னைக் கேட்டா, நோமெக்ஸ் வாங்கக் காசு இல்லைன்னா, கனமான முழுக்கைப் பருத்திச் சட்டையாவது கொடுக்கணும். உள்பனியனும் பருத்தியா இருக்கணும். மேல என்ன நோமெக்ஸ் போட்டாலும், உள்ள இருக்கிற நைலான் உருகினா உருகினதுதான்.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற ட்ரெக்கிங் பார்ட்டிகளே, உங்க ‘குயிக் ட்ரை’ டி-சர்ட்டும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில, மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 20-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. உடைதான் காரணம்னு சொல்ல வரலை. சரிவுல தீ மேல்நோக்கி ஓடுற வேகத்துக்கு முன்னாடி சட்டை சின்ன விஷயம். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா பங்குனி வெயில்ல மலை ஏறும்போது என்ன போட்டுக்கிட்டுப் போறோம்னு யோசிக்கலாம்.

‘அப்போ தீயணைப்பு நிலையத்துல இருக்கிற கனமான கோட்டையே கொடுத்துடலாமே?’ன்னு தோணும். கல்வராயன் ஏத்தத்துல மணிக்கணக்கா நடக்கிற ஆளுக்கு அது வேற ஆபத்து. வேர்வை ஆவியாகாம உடம்புச் சூடே ஆளைச் சாய்ச்சிடும். அதனாலதான் உலகம் முழுக்கக் காட்டுத்தீ உடை மெலிசா, தளர்வா, ஒரே அடுக்கா இருக்கு. கையை மடிச்சு விட்டா மட்டும் பிரயோஜனமில்லை.

கடைசியா, துவைக்கிற விஷயம். ரசாயனம் ஏத்தின பருத்தியை ப்ளீச்சிங் பவுடர் கெடுத்துடும். மணத்துக்குப் போடுற சாஃப்ட்னர் துணி மேல எரியக்கூடிய ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும். உப்புத்தண்ணி போர்ல பார் சோப்பு போட்டுத் துவைச்சாலும் கசடு நூல்ல படியும், அதுவும் எரியும். லிக்விட் டிடர்ஜென்ட் போட்டு, நல்லா அலசிக் காயப்போட்டா போதும். சட்டை கொடுக்கிற ஆபீஸ், இந்த நாலு வரியைத் தமிழ்ல அச்சடிச்சுக் காலர்லயே தைச்சுக் கொடுக்கலாம்.