சிரமதானமும் அயலவர் கடமையும்

பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் மக்கள் 2008 இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் மீளக் குடியேறியவர்கள். பற்றைக் காடுகளும் தூர்ந்த கிணறுகளும் தனியொருவரால் திருத்தக்கூடியவை அல்ல. அதற்குச் சிரமதானமே வழி.

1958 இல் ஏ. ரீ. ஆரியரத்ன மாணவர்களோடு கனத்தொலுவ கிராமத்தில் நடத்திய சிரமதானம் சர்வோதய இயக்கத்திற்கு வித்திட்டது. வன்னிக் கமக்காரருக்கோ இது புதிதன்று. காலபோக மழைக்கு முன் குளக்கட்டில் பற்றை வெட்டி, வாய்க்காலைத் துப்புரவாக்குவது பழைய வழக்கம். இடையில் ஒருவர் பங்கு தவறினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது.

ஆனால், உழைக்கும் ஆளைப் போரில் இழந்த குடும்பம் யாரை அனுப்பும்? அவர்களின் பங்கை அயலவர் முறைவைத்துச் செய்வோம். அவர்கள் தரும் தேநீரையும் பங்காகவே கணக்கிடுவோம். தண்ணீர் எல்லோருக்கும் பொது.