தோய்ந்து எழும் வாழ்வு: ஞானஸ்நானம் சொல்லும் பொருள்

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அழைப்பு வரும். நாமும் போய் உட்காருவோம். கோயிலில் ஒரு தொட்டி இருக்கும். குரு குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார். குழந்தை வீறிட்டு அழும். உச்சியில் எண்ணெய், உடலில் வெள்ளாடை, ஞானத்தகப்பன் கையில் எரியும் மெழுகுதிரி. சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்து விருந்துக்கு எழுந்துவிடுவோம். ஆனால் அங்கே செய்யப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு சொல். அவற்றைச் சேர்த்துப் படித்தால் கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் அதில் அடங்கியிருப்பது தெரியும்.

சாயத்தொட்டியும் துணியும்

கத்தோலிக்கர் இன்று இதைத் திருமுழுக்கு என்கிறார்கள். சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஞானஸ்நானம் என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. இரண்டுக்கும் மூலம் 'பாப்டிஸ்மா' என்ற கிரேக்கச் சொல். அமிழ்த்துதல், தோய்த்தல் என்று பொருள். அதன் வேர்வினை துணியைச் சாயத்தில் தோய்ப்பதையும் குறித்தது.

இந்தச் சாயத்தொட்டியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அழுக்குப் போகத் துவைத்த துணி பழைய நிறத்தோடுதான் திரும்பி வரும். சாயத்தில் தோய்த்த துணியோ நிறம் மாறி வரும். ஞானஸ்நானத்தில் கழுவுதல் உண்டு. ஆனால் அது கழுவுதலோடு நின்றுவிடுவதில்லை.

யோர்தான் ஆற்றில்

இயேசுவின் காலத்து யூதர்களுக்குச் சுத்திகரிப்புக் குளியல் புதிதல்ல. தீட்டுக் கழிய, வழிபாட்டுக்குப் போகுமுன் என்று அவர்கள் பலமுறை நீரில் மூழ்கினார்கள். திருமுழுக்கு யோவான் அதிலிருந்து விலகி ஒன்றைச் செய்தார். தாமே மூழ்கி எழாமல் அவர் கையால் முழுக்குப் பெற வேண்டும். தீட்டு நீங்குவதற்காக அல்ல, மனம் திரும்பியதன் அடையாளமாக. இயேசுவும் வந்து அவரிடம் முழுக்குப் பெற்றார். அந்த இடம் என்று நெடுங்காலமாகப் போற்றப்படும் அல்-மக்தாஸ் இன்றைய ஜோர்தான் நாட்டில், ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பாவமற்றவர் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் இயேசு மனந்திரும்புதலின் முழுக்கை ஏன் பெற்றார்? பாவிகளின் வரிசையில் தாமும் ஒருவராக நிற்பதற்காக என்பது திருச்சபை ஆசிரியர்கள் பலர் தந்த விடை. உயிர்த்தெழுந்த இயேசு எல்லா இனத்தாருக்கும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கும்படி சீடரை அனுப்புவதோடு மத்தேயு நற்செய்தி முடிகிறது. மூன்று முறை ஊற்றுவதும், மூன்று முறை அமிழ்த்துவதும் அந்த மூவொரு பெயரை நினைத்துத்தான்.

கல்லறையும் கருவறையும்

விவிலியத்தில் தண்ணீர் அழிக்கும், காக்கும். நோவா காலத்து வெள்ளம் உலகை மூழ்கடித்தது. அதே வெள்ளத்தின் மேல்தான் எட்டுப் பேர் மிதந்து பிழைத்தார்கள். செங்கடல் எகிப்துப் படையை விழுங்கியது. அதே கடலின் நடுவே அடிமைகள் விடுதலைக்கு நடந்து போனார்கள். தொட்டி நீரை மந்திரிக்கும்போது இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் குரு நினைவுகூர்வார்.

பவுல் இதை இன்னும் ஆழமாக்கினார். நீருக்குள் போவது கிறிஸ்துவோடு செத்து அடக்கம் செய்யப்படுவது. எழுவது அவரோடு உயிர்த்தெழுவது. யோவான் நற்செய்தியிலோ, இரவில் தேடி வந்த நிக்கதேமுவிடம் நீராலும் ஆவியாலும் மறுபடி பிறப்பதைப் பற்றி இயேசு பேசுகிறார். பவுலின் நீர் கல்லறை. யோவானின் நீர் கருவறை. எருசலேம் ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் 4ஆம் நூற்றாண்டு உரைகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, அந்த நீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆனது என்ற கருத்தைச் சொல்கின்றன.

அக்காலச் சடங்கே இதைக் கண்முன் நிறுத்தியது. முழுக்குப் பெறுபவர் இருள் விழும் மேற்குத் திசையை நோக்கிச் சாத்தானை விட்டுவிடுவதாகச் சொல்வார். பிறகு ஒளி எழும் கிழக்குக்குத் திரும்பி நம்பிக்கையை அறிக்கையிடுவார். உடைகளைக் களைந்து, நீரில் இறங்கி, மூன்று முறை மூழ்கி எழுவார். இன்று பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேட்கப்படும் கேள்விகள் அந்தத் திரும்புதலின் மிச்சம்.

பழைய முழுக்குத் தொட்டிகளும் மண்டபங்களும் பல எண்கோணமாக இருப்பதற்கும் பொருள் உண்டு. ஏழு நாள் ஒரு வாரம். கிறிஸ்து உயிர்த்த நாளை, வாரத்தைத் தாண்டிய எட்டாம் நாள், புதிய படைப்பின் முதல் நாள் என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் எண்ணினார்கள். 387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில் அகுஸ்தினாருக்கு அம்புரோசியார் திருமுழுக்குக் கொடுத்த எண்கோணத் தொட்டியின் அடித்தளத்தை மிலான் பேராலயத்தின் கீழே இன்றும் காணலாம்.

எண்ணெய், வெள்ளாடை, சுடர்

பழைய இஸ்ரயேலில் அரசரையும் குருக்களையும் எண்ணெயால் அருட்பொழிவு செய்தார்கள். 'கிறிஸ்து' என்ற சொல்லுக்கே அருட்பொழிவு பெற்றவர் என்பதுதான் பொருள். கத்தோலிக்கச் சடங்கில் குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசும்போது, தொட்டிலில் கிடக்கும் அந்தச் சின்ன உயிருக்கும் அதே மாண்பு தரப்படுகிறது.

வெள்ளாடை, கிறிஸ்துவை உடையாக அணிந்துகொள்வது. ஈஸ்டர் இரவில் முழுக்குப் பெற்ற முற்காலத்தவர் அந்த வாரம் முழுவதும் அதை அணிந்திருந்தார்கள். மெழுகுதிரியைப் பாஸ்கா திரியிலிருந்து ஏற்றுகிறார்கள். உயிர்த்தவரின் ஒளி கைமாறுகிறது. குழந்தைக்குத் திரியைப் பிடிக்கத் தெரியாது. அதனால் ஞானப்பெற்றோர் பிடிக்கிறார்கள். குழந்தை வளரும்வரை இந்தச் சுடரை நாங்கள் காப்போம் என்று அவர்கள் ஏற்கும் பொறுப்பு அது.

எவ்வளவு தண்ணீர்? எந்த வயதில்?

மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடுகளில் ஒன்றான 'திதாக்கே', ஓடும் நீரில் முழுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் வேறு நீர். அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும். கீழைத் திருச்சபையான ஆர்த்தடாக்ஸ் மரபில் குழந்தையையும் மூன்று முறை அமிழ்த்தும் வழக்கம் நிலைத்தது. மேற்கில் ஊற்றுவது பெருகியது. உயிர் போகும் அவசரத்தில், குருவே இல்லாதபோது, திருச்சபையின் எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் நீரூற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கப் போதனை.

குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒரு தரப்பு சொல்கிறது: கடவுளின் அருள் முந்திக்கொண்டு வருகிறது, தாய்ப்பாலைப் புரிந்துகொண்டா குழந்தை குடிக்கிறது? அது பின்னாளில் உறுதிபூசுதலிலோ திடப்படுத்தலிலோ தன் வாயால் ஆம் சொல்லும். மறுதரப்பு சொல்கிறது: மனந்திரும்பி நம்பியவருக்கே ஞானஸ்நானம், அந்த 'ஆம்' முதலில் வர வேண்டும். 1525 ஜனவரியில் சூரிக் நகரில் ஒரு சிறு கூட்டம் இந்த நம்பிக்கையோடு, பெரியவர்களாக மறுபடி முழுக்குப் பெற்றது. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527இல் லிம்மாத் ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள். உயிர் தரும் நீரைக் கொலைக் கருவியாக்கிய நாளை மறக்கக் கூடாது.

நம் ஊரிலும் குழந்தைப் பருவத்தில் நீரூற்றப்பட்ட ஒருவர் வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்போது குடும்பங்கள் பிரிந்துபோவதைப் பார்க்கிறோம். ஞானஸ்நானம் ஒரே ஒருமுறைதான் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை; எது அந்த ஒன்று என்பதில்தான் வேறுபாடு. பல சபைகளின் இறையியலாளர்கள் சேர்ந்து உருவாக்கிய 1982ஆம் ஆண்டின் லிமா ஆவணம் இருவரையும் அருகே கொண்டுவர முயன்றது. ஒருவருக்கு அது அருளின் முன்வருகை, மற்றவருக்கு மனித மறுமொழி. இரண்டும் ஒரே உறவின் இரு பக்கங்கள் என்றே நான் நம்புகிறேன்.

வடக்கன்குளம் சொல்லும் பாடம்

முழுக்கோடு பலர் புதுப் பெயரும் பெறுகிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று ஏற்றார். கடவுள் துணை செய்தார் என்பது அதன் பொருள். 1752இல் அவர் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கிறிஸ்துவுக்குள் முழுக்குப் பெற்றவர்களிடையே யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவினை இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். ஆனால் தேவசகாயம் நீரில் நனைந்த அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்கச் சுவர் இருந்தது. ஒரே தொட்டி நீரில் நனைந்தவர்கள் சுவரின் இருபுறமும் நின்று செபித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் அடிகள் அதை இடித்தார். சாதி பார்க்கும் கிறிஸ்தவர் தம் ஞானஸ்நானத்தையே மறுக்கிறார். அது போன்ற சாதிச் சுவர் இன்று சில கல்லறைத் தோட்டங்களில் நின்றாலும் இதுதான் உண்மை.

சாயம் ஒரே நாளில் ஏறிவிடும். அந்த நிறத்தில் வாழ்வதற்கு ஆயுள் முழுவதும் வேண்டும். அதனால்தான் பழைய மனிதனைத் தினந்தோறும் மூழ்கடிப்பதே ஞானஸ்நானத்தின் பொருள் என்று மார்ட்டின் லூத்தர் 1529இல் தம் சிறிய ஞானோபதேசத்தில் விளக்கினார். கத்தோலிக்கக் கோயில் வாசலில் ஒரு பாட்டி தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு உள்ளே போவதைப் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையாய் அழுதுகொண்டே பெற்ற, தன் நினைவில் இல்லாத ஒரு நாளை அவர் ஞாயிறுதோறும் விரல் நுனியால் தொட்டுக்கொள்கிறார்.