பருத்த பூனைக்குப் பத்தியம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழும். தறி உள்ள வீட்டில் பூனைக்கும் ஓர் இடம் உண்டு. பாவில் எலி பல் வைத்துவிட்டால் பட்டு பாழாகும் அல்லவா? அப்படி ஒரு வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சார், எங்கள் வீட்டுப் பூனை 6 கிலோ இருக்கிறது. எலி குறுக்கே ஓடினாலும் எழுந்திருப்பதில்லை. ஒரு மாதமாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. கால்நடை மருத்துவர் சர்க்கரை நோய் என்று சொல்லி, இன்சுலின் ஊசி போடச் சொன்னார். 'நாலு நாள் பட்டினி போட்டால் எல்லாம் சரியாகும்' என்கிறார் அப்பா. 'வாயில்லா ஜீவன், பால் சோறாவது போடு' என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி சார்?"

இருவர் சொல்வதும் தவறு. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

எவ்வளவு உணவு வேண்டும்?

உடல் ஓய்வாக இருக்கும்போதும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, உடல் வெப்பம் காக்கப்படுகிறது. இவற்றுக்கு ஆற்றல் தேவை. எலி முதல் மாடு வரை பல விலங்குகளை ஒப்பிட்ட மாக்ஸ் கிளைபர் என்னும் அறிஞர், 1932-இல் ஒரு விதியைக் கண்டார். எடை இருமடங்கானால் ஆற்றல் தேவை இருமடங்காவதில்லை. எடையின் முக்கால் அடுக்குப்படியே உயர்கிறது. அதை 70-ஆல் பெருக்கினால், ஒரு நாளைய அடிப்படைத் தேவை கலோரியில் கிடைக்கும். (இது உணவியலார் கூறும் பெரிய கலோரி, 1 கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தும் வெப்பம்.)

முக்கால் அடுக்கு என்றதும் மலைக்க வேண்டாம். எடையின் வர்க்கமூலத்தை எடுங்கள். அதற்கும் ஒரு வர்க்கமூலம் எடுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். அவ்வளவுதான். 4 கிலோ பூனைக்கு: 2 × 1.41 = 2.83. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 200 கலோரி. இதே முறையில் 6 கிலோ பூனைக்குச் சுமார் 270 கலோரி வரும்.

நம் பூனை இருக்க வேண்டிய எடை 4 கிலோ. ஆகவே, அதற்கு 4 கிலோ பூனையின் உணவான 200 கலோரியை மட்டும் கொடுப்போம். நாள்தோறும் 70 கலோரி துண்டு விழும். ஆற்றல் அழிவின்மை விதிப்படி அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்து வரும்! உடலின் கொழுப்புத் திசு 1 கிராமுக்குச் சுமார் 7.7 கலோரி தரும். வாரத்துக்கு 490 கலோரி என்றால் ஏறத்தாழ 64 கிராம் குறையும். பூனையின் எடையில் இது நூற்றுக்கு ஒரு பங்கு. மருத்துவர்கள் பாதுகாப்பானது என்று கருதும் வேகமும் வாரத்துக்கு 1 முதல் 2 விழுக்காடுதான். அசைவும் ஆட்டமும் கூடினால் சற்று வேகமாகக் குறையும். எப்படியும் பல மாத வேலை இது.

பட்டினி ஏன் ஆகாது?

விரைவாகக் குறைத்தால் என்ன? இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பருத்த பூனை சில நாள் உண்ணாவிட்டால் கொழுப்பு வெள்ளம் போல் இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலுக்கு வருகிறது. வந்த வேகத்தில் அதை எரிக்கவோ, புரதத்துடன் பொதிந்து வெளியே அனுப்பவோ கல்லீரலால் முடிவதில்லை. கொழுப்பு கல்லீரல் செல்களிலேயே தேங்குகிறது. ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகும். மருத்துவம் தாமதித்தால் பூனை இறந்துவிடும். பருத்த பூனைக்கே இந்த ஆபத்து மிகுதி.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. உணவு வராதபோது, ஊசி மருந்து இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடும். வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஆகவே உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லி, ஊசியின் அளவையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பால் சோறு ஏன் ஆகாது?

ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி பசும்பாலில் சுமார் 130 கலோரி உள்ளது. பூனையின் ஒரு நாள் உணவில் அது மூன்றில் இரு பங்கு. 2,000 கலோரி உண்ணும் மனிதர் ஒருவர் 2 லிட்டர் பால் குடிப்பதற்கு இது சமம்! மேலும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை.

சோறோ முழுக்க மாவுச்சத்து. நம் உமிழ்நீரில் அதைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதி உண்டு, பூனைக்கு இல்லை. இனிப்புச் சுவையே பூனைக்குத் தெரியாது. அதை உணரும் மரபணு பூனையிடம் பழுதுபட்டிருப்பதை அமெரிக்காவின் மோனல் ஆய்வு நிலையத்தார் 2005-இல் கண்டறிந்தனர். பூனை பிறவியிலேயே ஊன் உண்ணி.

1975-இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். பாலிலுள்ள கேசின் என்ற புரதத்தை மட்டுமே புரதமாகத் தந்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்தது. காரணம், டாரின் என்னும் பொருளின் குறைவு. இதைப் போதிய அளவு தன் உடலில் ஆக்கிக்கொள்ளப் பூனையால் முடியாது. இறைச்சி, மீனிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் இதயமும் தளரும் என்பது 1987-இல் தெரியவந்தது.

என்ன கொடுப்பது?

புரதம் மிகுந்து மாவுச்சத்து குறைந்த உணவே ஏற்றது. எலும்பு நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி 120 கிராமில் சுமார் 200 கலோரி இருக்கும். டாரின் நீரில் கரையும். எனவே வேகவைத்த நீரையும் சேர்த்தே தர வேண்டும். வெங்காயம், பூண்டு கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து போதாது. ஆகவே முழுப் பத்தியத்தையும் மருத்துவரே வகுக்க வேண்டும். புதிய உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். பூனை ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள். உள்ளூரில் முடியாததற்குச் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பட்டுத் தராசில் பூனை

வாரம் 64 கிராம் குறைவதை மனிதர் ஏறி நிற்கும் எடைக்கருவி காட்டாது. ஆனால் நெசவாளர் வீட்டில் அதற்குக் கவலை இல்லை. பட்டையும் சரிகையையும் நிறுத்து வாங்கி, நெய்த சேலையை நிறுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். கூடையில் பூனையை வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்தால் போதும் என்று அந்த மாணவரிடம் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வாரந்தோறும் எடை எழுதியிருந்தது. கடைசி வரி: 4 கிலோ 250 கிராம். ஊசி இன்னும் நிற்கவில்லை. அளவு மட்டும் பாதியாகியிருந்தது. தொடக்கத்திலேயே கவனித்து எடையையும் குறைத்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவையில்லாமல் போவதுண்டு.

"நிறுப்பது யார்?" என்று கேட்டேன்.

"பாட்டிதான் சார். இறைச்சியையும் அவரே நிறுத்துப் போடுகிறார். ஒரு கிராம் கூட விட மாட்டார்" என்றார்.

உங்கள் வீட்டில் பூனை உண்டா? அதன் எடையைக் கண்டு, இருமுறை வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். அது குடிக்கும் பாலின் கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள்.