பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை: படைக்கலங்களும் அரண் அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால அரண் மரபின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்தவை பாளையக்காரர்களின் மண்கோட்டைகள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் ஒவ்வோர் உறுப்பும் தாக்குவோரின் பீரங்கியையும் காப்போரின் ஈட்டி, துப்பாக்கி ஆகியவற்றையும் கருத்திற்கொண்டு அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாளையம், மண்கோட்டை, கொத்தளம், காட்டரண், பீரங்கி.

முன்னுரை

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ளது பாஞ்சாலங்குறிச்சி. செஞ்சி போன்ற மலையரணுக்கோ வேலூர் போன்ற நீரரணுக்கோ இந்த வறண்ட சமவெளி இடம் தரவில்லை. 1801 முற்றுகையில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் இக்கோட்டையின் அளவுகளைப் பதிவு செய்துள்ளார். நீளம் ஏறத்தாழ 500 அடி. அகலம் 300 அடி. மதிலின் உயரம் சுமார் 12 அடி. அகழி இல்லை.

மதிலும் முள்வேலியும்

ஏணிகொண்டு ஏறும் படையைத் தடுக்க உயர்ந்த கல்மதில் உதவியது. பீரங்கி வந்தபின் அவ்வுயரமே எளிய இலக்காயிற்று. குண்டு பட்ட கல் பிளந்து சரியும். இறுகிய களிமண்ணோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியரும் 15ஆம் நூற்றாண்டுக்குப்பின் தாழ்ந்து தடித்த, மண் நிரப்பிய மதில்களுக்கு மாறியது இக்காரணத்தாலேயே.

அகழியின் பணியை மதிலைச் சூழ்ந்த அடர்ந்த முள்வேலி செய்தது. திருக்குறள் அரண் உறுப்பாகக் கூறும் காட்டின் எளிய வடிவம் இது. வேலியில் தடைப்பட்டு நின்றோர் துப்பாக்கியின் எல்லைக்குள் சிக்கினர்.

கொத்தளமும் ஈட்டியும்

சதுரக் கொத்தளங்களுக்கு இடைப்பட்ட மதில்கள் மிகக் குறுகியவை. ஆதலால் ஒரு கொத்தளத்தை அணுகியோரை அடுத்த கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் சுட முடிந்தது. கொத்தளங்களின் உட்புறம் வெற்றிடமாக இருந்தது. மேற்பகுதி தகர்ந்தபோதும் காப்போர் உள்ளே மறைந்து நின்று, உடைப்பின்மேல் ஏறியவர்களை நீண்ட ஈட்டிகளால் கீழிருந்து குத்தினர். 1801 மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் படை உடைப்பை உண்டாக்கியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதற்கு இவ்வமைப்பு முதன்மைக் காரணமாகும்.

அமைப்பின் எல்லை

1799இல் தரைமட்டமாக்கப்பட்ட இக்கோட்டை, 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறைமீண்டபின் சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. மண்ணால் கட்டியதன் மற்றொரு பயன் இது. எனினும் மே மாதம் கர்னல் அக்னியூ கூடுதல் படையுடனும் கனமான பீரங்கிகளுடனும் வந்தார். மே 24 அன்று அகன்ற உடைப்பு ஏற்பட்டபோதும் ஈட்டிகள் வழிவிடவில்லை. கையெறி குண்டுகள் உட்புறம் வீசப்பட்ட பின்னரே கோட்டை வீழ்ந்தது. நேராகச் செல்லும் குண்டுக்கு மறைவிடமாக இருந்த வெற்றிடம், மேலிருந்து விழும் குண்டுக்குப் பொறியாயிற்று.

முடிவுரை

மண்கோட்டை என்பது கல்கோட்டை கட்ட இயலாதோரின் குறைபட்ட முயற்சியன்று. நிலத்தையும் படைக்கலத்தையும் அறிந்து அமைத்த அரண். 1799இல் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார். 1801 டிசம்பர் 1ஆம் நாள் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு படைக்கலங்களைத் தடைசெய்தது. கோட்டையை இடிப்பது மட்டும் போதாது என்பதைப் பாஞ்சாலங்குறிச்சி ஆங்கிலேயருக்கு உணர்த்தியிருந்தது. இன்று அங்குக் காணப்படுவது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையே. ஆகவே, பழைய அரணின் அமைப்பை ஆராய்வோர் அக்கட்டடத்தைச் சான்றாகக் கொள்ளாமல், முற்றுகைக் காலப் பதிவுகளையும் அகழாய்வில் வெளிப்பட்ட எச்சங்களையுமே நாடுதல் வேண்டும்.