குளிர்காலமும் கம்பளிப் பின்னலும்

தமிழகத்தை விட்டு வடக்கே குடியேறிய நம்மவர்க்கு மார்கழி என்னும் மாதத்தின் பொருளே மாறிவிடுகின்றது. ஊரில் மார்கழி என்றால் வாசல் கோலமும், அதன் நடுவே பூசணிப்பூவும், கோயில் வெண்பொங்கலும், தோளில் போர்த்துக்கொள்ளும் ஒரு துண்டுமே நினைவுக்கு வரும். தில்லியிலும் சண்டிகரிலும் லக்னோவிலும் அதே மாதம் குழாய்த் தண்ணீரைத் தொட அஞ்சும் மாதமாகும். தில்லியில் ஜனவரி மாத இரவுகளின் குறைந்த வெப்பநிலை சராசரியாக 7 டிகிரி செல்ஷியஸை ஒட்டியே இருக்கும். சமவெளியில் அது 4 டிகிரிக்கு இறங்கிவிட்டால் வானிலைத் துறையினர் குளிர் அலை என்று அறிவிப்பர். இத்தகைய குளிருக்கு நம் முன்னோர் நமக்கென்று ஓர் உடையை வகுத்து வைக்கவில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிறந்த நேயர்கள் இவ்விடத்தில் நம்மைப் பொறுத்தருள வேண்டும்.

ஆகவே அண்டை வீட்டாரிடம் கற்றோம். 1950 முதல் 1980 வரையுள்ள ஆண்டுகளில் தில்லியின் அரசாங்க அலுவலகப் புல்வெளிகளில் பகலுணவு வேளையில் வெயில் காய்ந்தபடியே பெண்கள் கம்பளி பின்னும் காட்சி யாவரும் அறிந்தது. கரோல்பாகிலும் பின்னர் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்த தமிழ்ப் பெண்மணிகள் பலர் அங்கேதான் சலாயி என்னும் பின்னல் ஊசியை முதன்முதல் கையில் எடுத்தனர். சீதா, உல்டா என்ற இரண்டு இந்திச் சொற்களே அவர்களுடைய அரிச்சுவடி. கண்ணியின் முகம் நம்மை நோக்கி வந்தால் சீதா, முதுகு நோக்கினால் உல்டா. உலகத்தில் உள்ள பின்னல் கோலங்கள் அனைத்தும் இவ்விரண்டின் சேர்க்கையே.

லூதியானாவின் இயந்திரங்கள் பின்னிய ஸ்வெட்டர் இன்று நடைபாதைக் கடையிலேயே மலிவாகக் கிடைக்கின்றது. நூல் வாங்கும் விலைக்கு ஆயத்த ஆடையே வந்துவிடும். அவ்வாறிருக்க, கையால் பின்னுவானேன்? இக்கேள்வியை மழுப்ப வேண்டியதில்லை. பெரியவர் ஒருவருக்குச் சாதாரண ஸ்வெட்டர் வேண்டுமானால் கடையில் வாங்குவதே சிக்கனம். ஆனால் கடைக்காரர் அணிபவரைக் கண்டதில்லை. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் தலை எவ்வளவு சிறியது, விடியற்காலையில் செய்தித்தாள் போடும் பையனுக்கு எந்த விரல்கள் வெளியே தெரிய வேண்டும், ஊரிலிருந்து வந்த பாட்டியின் கால்விரலில் மெட்டி இருக்கிறதா என்பவற்றைப் பின்னுபவரே அறிவார். அந்த அறிவு இல்லாமல் பின்னிய பொருள் பெட்டியிலேயே கிடக்கும். சில சமயம் அணிபவர்க்குத் தீங்கும் விளைக்கும். இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில், கம்பளி ஏன் சூடு தருகின்றது? உண்மையில் அது சூட்டை உண்டாக்குவதைவிட உடலின் சூட்டைக் காப்பதே மிகுதி. ஆட்டு மயிர் நேராக இராமல் சுருள் சுருளாக வளைந்திருப்பதால், நூலாகத் திரித்த பின்னும் இழைகளுக்கிடையே காற்று தங்கிவிடுகின்றது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பின்னலின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு காற்றறை என்று கொள்ளலாம். மிகவும் இறுக்கிப் பின்னினால் காற்றுக்கு இடமில்லை; மிகவும் தளர்த்தினால் வாடை உள்ளே புகும். மேலும் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனியில் சைக்கிள் மிதிப்பவர்க்கு இக்குணத்தின் அருமை தெரியும்.

பின்னல் இருவகைப்படும். இரண்டு ஊசிகளைக் கொண்டு ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஊசியிலேயே தாங்கிப் பின்னுவது ஒன்று. கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக முடித்துச் செல்லும் குரோஷே மற்றொன்று. முன்னதை இயந்திரத்திற்குக் கற்பிக்க 1589-லேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் வழி கண்டார். குரோஷே வேலையோ இன்றளவும் கைத்தொழிலாகவே நிற்கின்றது. இரட்டை ஊசிப் பின்னல் நன்கு இழுபடும், உடலோடு படியும். ஆதலின் குல்லாய்க்கும் கையுறைக்கும் அதுவே தக்கது. குரோஷே தடித்து நிற்கும். நூலும் கூடுதலாகச் செலவாகும். ஆனால் கண்ணி நழுவி வேலை முழுவதும் அவிழும் அச்சம் அதில் குறைவு, விரைவாகவும் வளரும். போர்வைக்கு அது ஏற்றது. நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாதிரிமார் குடும்பத்துப் பெண்கள் கற்பித்த லேஸ் வேலையை இதனோடு சிலர் குழப்புவதுண்டு. அது திண்டின்மேல் ஊசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேறொரு கலை. ஆந்திரத்து நரசாபுரத்து லேஸ்தான் கொக்கி ஊசியால் ஆவது.

இனி, குல்லாய்க்கு வருவோம். பெரியவர்களின் உடற்சூட்டில் பாதியளவு தலைவழியே வெளியேறுகிறது என்று சொல்லக் கேட்டிருப்போம். அது மிகைப்பட்ட கூற்று. வளர்ந்தவரின் தலை தன் பரப்புக்கேற்ற அளவு வெப்பத்தையே இழக்கின்றது. பிறந்த குழந்தையின் நிலை வேறு. அதன் தலை உடல் நீளத்தில் கால்பங்கு. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. குறைமாதக் குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பும் போதாது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கி இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் பரவியுள்ள கங்காருத் தாய்ப் பராமரிப்பு முறையில், எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து வைப்பர். அச்சமயம் குழந்தைக்குக் குல்லாயும், காலுறையும், அணையாடையும் மட்டுமே உடுத்துவர். தாயின் உடலே அதற்குப் போர்வை. ஆகவே இத்தகைய வார்டுக்குக் கொடை தர விரும்புவோர் பூவேலை செய்த சின்னஞ்சிறு ஸ்வெட்டரைப் பின்னி மகிழ்வதைவிட, மடிப்பும் தையலும் உறுத்தாத எளிய குல்லாய்கள் நான்கு பின்னுவது பயனுடையது.

அளவில் கருத்து வேண்டும். நிறைமாதச் சிசுவின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். குல்லாய் அதற்குச் சற்றுக் குறைந்து, இழுபட்டு நிற்க வேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசியில் நடுத்தர நூலைக் கொண்டு பின்னும்போது 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி விழுமானால், 72 கண்ணியில் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் சுற்றளவு கிடைக்கும். இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று விளிம்பு பின்னுவதற்கும் 72 சரியாக வகுபடும். அதே ஊசி, அதே நூல், அதே 72 கண்ணி. ஆனால் பின்னுபவரின் கை சற்றுத் தளர்ந்து 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணியே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குல்லாய் 40 சென்டிமீட்டராகிவிடும். அது சிசுவின் கண்ணைத் தாண்டி மூக்கின்மேல் இறங்கும். 10 சென்டிமீட்டருக்கு 4 கண்ணி வேறுபாடு மூச்சுக்கே இடையூறாகலாம். எனவே, ஒரு சிறு சதுரம் பின்னி, தட்டையாக வைத்து, அளவுகோலால் கண்ணிகளை எண்ணிய பின்னரே குல்லாயைத் தொடங்குதல் வேண்டும். அனுபவசாலிகள்தாம் இதனை அடிக்கடி தவிர்க்கிறார்கள்! குஞ்சமும் மணியும் சிசுவின் குல்லாய்க்கு ஆகா. வீடு திரும்பி நலமுடன் வளரும் குழந்தை வெதுவெதுப்பான அறையில் உறங்கும்போது குல்லாயைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் மருத்துவர் கூறும் அறிவுரை.

கையுறையிலும் இதே கவனம் தேவை. நான்கு விரல்களும் ஒரே பையில் கூடியிருக்க, பெருவிரலுக்கு மட்டும் தனியறை வைத்தது மிட்டன் எனப்படும். ஐந்து விரல்களையும் தனித்தனியே உறையிடுவதைக் காட்டிலும் இது கூடுதல் சூடு தரும்; விரல்கள் ஒன்றையொன்று காய்த்துக்கொள்ளும். சிசுவுக்குப் பெருவிரலறையும் வேண்டாம், ஒரு சிறு பை போதும். ஆனால் குரோஷேயில் துளைத்துளையாகப் பூப்போட்ட கையுறையைக் கைக்குழந்தைக்கு ஒருபோதும் அணிவித்தலாகாது. உள்ளே தொங்கும் ஒரு நூல் நுனி பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். குழந்தை அழும் காரணம் வெளியே தெரியாது. அணிவிக்குமுன் உட்புறத்தை வெளியே திருப்பி, ஒவ்வொரு நுனியையும் ஊசியால் உள்ளிழுத்துப் புதைக்க வேண்டும்.

உழைப்பவர்க்குப் பின்னுவது வேறு கணக்கு. சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்க்குப் புறங்கையில் காற்று அறையும். தேநீர் விற்பவரும் செய்தித்தாள் பையனும் காசு எண்ண வேண்டும். இவர்களுக்கு விரல் நுனி திறந்து, மணிக்கட்டுக்கு மேலும் நான்கு அங்குலம் நீண்ட உறையே தக்கது. அழுக்குத் தெரியாத அடர்ந்த நிறமாக இருத்தல் நலம். ரோஜா வண்ணத்தில் மீந்துபோன நூலைத் தீர்ப்பதற்காக இரவுக் காவலாளிக்கு ஒரு ஜோடி பின்னித் தருவது, தருபவர்க்கு வேண்டுமானால் திருப்தி அளிக்கலாம்.

பிறருக்காகப் பின்னும் வழக்கம் போர்க்காலங்களில் வளர்ந்தது. 1854-இல் கிரிமியப் போரில் பலக்லாவா என்னுமிடத்தில் சண்டை நிகழ்ந்தது. அந்தக் குளிரில் வாடிய பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தாய்நாட்டார் கம்பளித் தலையுறைகளைப் பின்னி அனுப்பினர். முகம் மட்டும் தெரியும் அத்தகைய உறைக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. கொல்கத்தாவில் வாழும் நம்மவர் நன்கறிந்த, அங்கே நவம்பர் பிறந்ததும் முதியோர் தலைகளில் ஏறிவிடும் குரங்குக் குல்லாய் அதன் வழித்தோன்றலே. நம் நாட்டிலும் 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது, இமயத்தின் உயரத்தில் போதிய குளிராடையின்றி நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினர்.

எந்த நூலில் பின்னுவது என்பதே அடுத்த கேள்வி. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் 1950-இல் அமெரிக்காவில் வாணிகத்திற்கு வந்தது. நம் நாட்டில் கேஷ்மிலான் என்ற பெயரால் ஒரு தலைமுறையே அதனை அறிந்திருந்தது. விலை மலிவு, பூச்சி அரிக்காது, வெந்நீரில் துவைத்தாலும் சுருங்காது. கம்பளி இழையிலோ மீன் செதிலைப் போன்ற நுண்செதில்கள் உள்ளன. வெந்நீரில் அடித்துத் துவைத்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பெரியவர் சட்டை பொம்மைச் சட்டையாகிவிடும். மருத்துவமனைச் சலவைக்கு அனுப்பும் பொருளை ஆட்டுக் கம்பளியில் பின்னுவது வீண். ஆனால் நடைபாதையில் உறங்குபவர்க்கும் இரவுக் காவலாளிக்கும் கொடுக்கும்போது வேறொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் குப்பையும் சுள்ளியும் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். அக்ரிலிக்கில் பொறி பட்டால் எளிதில் பற்றி, உருகிச் சொட்டி, தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் பற்றாது. பற்றினாலும் கருகும், நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். விலை கூடினும் இவர்களுக்குத் தருவது கம்பளியாகவே இருக்கட்டும் என்பது நம் கருத்து. பணம் போதாவிடில் இரண்டு பொருளுக்கு ஒரு பொருளாகக் குறைத்துக்கொள்ளலாம்.

போர்வை ஒருவரால் முடியும் வேலையன்று. முடிந்தாலும் அலுப்புத் தட்டும். 20 சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டால் 48 சதுரங்கள் சேர்ந்து 120-க்கு 160 சென்டிமீட்டர் போர்வையாகும். ஆறு பேர் ஆளுக்கு எட்டுப் பின்னினால் போதும். கூட்டுவேலையில் வரும் சங்கடம், ஒருவர் சதுரம் 19, மற்றொருவரது 22 என்று நிற்பதே. அட்டையில் சரியளவு வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் சண்டை வராது. 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியா குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை நிகழ்த்தியதும் இவ்வாறு துண்டுகளைச் சேர்த்தே. பின்னர் அது பிரிக்கப்பட்டு அறப்பணிக்கு வழங்கப்பட்டது. போர்வையே தேவைப்படாத ஊரில் உலகின் பெரிய போர்வை உருவானதை எண்ணி நாம் புன்னகை செய்யலாம், பெருமையும் கொள்ளலாம். போர்வையைத் தருமிடத்தில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால், உறங்கும் குழந்தையின்மேல் தளர்வாகப் போர்த்த வேண்டாம் என்று தாயிடம் சொல்லிக் கொடுப்பதும் கொடையின் ஒரு பகுதியாகும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டிக்குக் குல்லாய் போட்டுவிட எத்தனை மருமகள்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள்! கொண்டையின் மேல் அது நிற்பதுமில்லை, பாட்டி சம்மதிப்பதுமில்லை. நீண்ட கம்பளித் துணியாகப் பின்னி, புடைவைத் தலைப்பைப் போல் காதைச் சுற்றிக்கொள்ளச் செய்தால் மறுப்பு எழாது. காலுறையின் விரல் பகுதியை நெருக்கமாகப் பின்ன வேண்டும். இல்லையேல் மெட்டி மாட்டிக்கொண்டு இழையை இழுத்துவிடும்.

காலத்தையும் கணக்கிட வேண்டும். மகர சங்கராந்தி முடிந்து கொண்டு சேர்க்கும் போர்வை அந்த ஆண்டுக் குளிருக்கு உதவாது. நவராத்திரிக் கொலுவுக்கு வரும் தோழியரிடம் அட்டையும் நூலும் கொடுத்தனுப்பினால், தீபாவளி கழிந்து இரண்டு வாரங்களில் சதுரங்கள் திரும்பிவிடும். கார்த்திகை முடிவதற்குள் இணைத்து, துவைத்து, நிழலில் தட்டையாக உலர்த்தி விடலாம். தருமுன் மருத்துவமனைச் செவிலியரையோ இரவுத் தங்குமிடப் பொறுப்பாளரையோ நேரில் கண்டு, எந்த அளவு, எத்தனை, எப்படித் துவைப்பர் என்று கேட்டுக்கொள்வது நலம். துவைக்கும் முறையை இந்தியில் ஒரு சிறு சீட்டில் எழுதி, ஒவ்வொரு பொருளோடும் குண்டூசியின்றி நூலால் கட்டி அனுப்பலாம்.