சாலையோர டோல்கேட் வீடு: வேல்ஸ் விவசாயிகள் அதை இரவோடு இரவாக இடித்தது ஏன்?

1843 செப்டம்பர். தெற்கு வேல்ஸில் ஹெண்டி என்ற சின்ன ஊர். சாலையோர டோல்கேட் வீட்டில் வசூல் வேலை பார்த்தவர் சாரா வில்லியம்ஸ், 70 வயதைக் கடந்த மூதாட்டி. ஒரு நள்ளிரவில் கும்பல் ஒன்று வந்து அந்த வீட்டுக்குத் தீ வைத்தது. உதவி கேட்டு அக்கம்பக்கத்தாரிடம் ஓடிய சாரா, துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துபோனார்.

அவர் வாங்கியது சில்லறைக் காசு. அதுவும் அவருடைய காசு இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

டோல்கேட் வீடு என்றால் என்ன?

ஃபாஸ்டேக் காலத்தில் வண்டி நிற்பதற்குள் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. அன்றைய பிரிட்டனில் சாலையின் குறுக்கே ஒரு மரக்கதவு, அதை ஒட்டி ஒரு சின்ன வீடு. வசூலிப்பவர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார். நடுராத்திரி வண்டி வந்தாலும் எழுந்துபோய் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட வேண்டும்.

வீட்டின் அமைப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பக்கச் சுவர் சாலையை நோக்கிப் பல கோணங்களாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இருபுறமும் ஜன்னல். உள்ளே உட்கார்ந்தபடியே எந்தப் பக்கம் வண்டி வந்தாலும் பார்த்துவிடலாம். வெளியே பெரிய கட்டணப் பலகை தொங்கும்.

சாலையை நடத்தியது யார்?

அதற்கு முன்பு, சாலையைப் பழுதுபார்ப்பது அந்தந்த ஊர் மக்களின் கடமை. வருடத்தில் சில நாள் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். தூரத்து ஊர் வண்டிகள் ஓடித் தேய்ந்த சாலைக்கு நாங்கள் ஏன் உழைக்கணும் என்ற கேள்வி வந்தது. 1663-ல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் முதல்முறையாக ஒரு சாலையில் சுங்கம் வசூலிக்கச் சட்டம் போட்டது. அடுத்த நூற்றாண்டில் 'டர்ன்பைக் டிரஸ்ட்' என்ற அமைப்புகள் நாடு முழுக்கப் பரவின.

ஐடியா சிம்பிள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கடன் திரட்டிச் சாலை போடுவார்கள். வசூலாகும் சுங்கத்தில் சாலையையும் பராமரித்து, வட்டியும் கட்டுவார்கள்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

வசூல் உரிமையை டிரஸ்டுகள் ஏலம் விட்டன. அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை. கட்டிய தொகைக்கு மேல் வருவதெல்லாம் அவருக்கு லாபம். ஒரு கேட்டைத் தவிர்த்துக் குறுக்குச் சாலையில் போகிறார்களா? அங்கேயும் ஒரு கேட் போடு. இப்படியே கேட்டுகள் பெருகின.

அடி விழுந்தது விவசாயிகள் மேல்தான். மேற்கு வேல்ஸின் மண் அமிலத்தன்மை கொண்டது. பயிர் விளைய வேண்டுமென்றால் காளவாயிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவந்து வயலில் போட்டே ஆகவேண்டும். வழியில் கேட்டுக்குக் கேட் காசு. ஒவ்வொரு டிரஸ்டும் தனித்தனி என்பதால், ஒரு இடத்தில் கட்டியது இன்னொரு இடத்தில் செல்லாது. சில நேரம் சுண்ணாம்பின் விலையைவிட வழிச் சுங்கமே அதிகமாகிவிடும். இதற்கிடையே வருமானமும் சரிந்துகொண்டிருந்தது.

யார் இந்த 'ரெபெக்கா'?

1839 மே மாதம், எஃபைல்வென் என்ற ஊரில் புதிதாகப் போட்ட கேட்டை விவசாயிகள் அடித்து நொறுக்கினார்கள். மறுபடி கட்டப்பட்டது. ஜூனில் மறுபடி இடித்தார்கள். ஜூலையில் இன்னொரு முறை. கடைசியில் டிரஸ்டே பின்வாங்கியது.

வந்தவர்கள் ஆண்கள்தான். ஆனால் பெண்கள் உடை, முகத்தில் கரி. தலைவருக்குப் பெயர் 'ரெபெக்கா', மற்றவர்கள் அவள் 'மகள்கள்'. பைபிளின் ஆதியாகமத்தில், ரெபெக்காளின் சந்ததி பகைவரின் வாசலைச் சுதந்தரிக்கும் என்று ஒரு வாழ்த்து வருகிறது. பெயர் அங்கிருந்து வந்ததாகத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

1842, 1843-ல் இந்தத் தாக்குதல்கள் தெற்கு, மேற்கு வேல்ஸ் முழுக்கப் பரவின. ராணுவம் வந்தது. லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் தாமஸ் கேம்ப்பெல் ஃபாஸ்டர் என்ற நிருபரை அனுப்பியது. அவர் விவசாயிகளிடமே பேசி எழுதிய பிறகுதான், இது வெறும் கலவரம் இல்லை என்பது லண்டனுக்கு உறைத்தது.

சாராவுக்கு நீதி கிடைத்ததா?

கிடைக்கவில்லை. அவர் நுரையீரலில் குண்டுத் துகள்கள் இருந்ததாக மருத்துவர்களே சொன்னார்கள். ஆனால் விசாரணை ஜூரியோ, மார்பில் ரத்தம் தேங்கி மூச்சுத்திணறி இறந்தார், ரத்தம் தேங்கியதற்குக் காரணம் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதியது. ஜூரியில் இருந்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே. பயமோ பாசமோ, யாரும் வாய் திறக்கவில்லை.

ரெபெக்காவின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குப் பலியானவரோ, ஏலத்தில் லாபம் பார்த்த குத்தகைதாரர் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஏழை மூதாட்டி.

பிறகு என்ன மாறியது?

அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1844-ல் புதிய சட்டம் வந்தது. தெற்கு வேல்ஸில் டிரஸ்டுகள் போய், மாவட்ட அளவிலான சாலை வாரியங்கள் வந்தன. கட்டணம் ஒரே சீரானது. சுண்ணாம்பு வண்டிக்கான சுங்கம் பாதியாகக் குறைந்தது.

மற்ற இடங்களில் டோல்கேட்டின் கதையை முடித்தது ரயில். நீண்டதூரப் பயணிகள் ரயிலேறிவிட, வசூல் படுத்துவிட்டது. கடைசியாகத் தாக்குப்பிடித்தது வடக்கு வேல்ஸின் ஆங்கில்சி தீவு. 1895 நவம்பர் 1-ல் அங்கேயும் சுங்கம் நின்றது.

அந்தச் சாலையில், 58 எழுத்துப் பெயருக்காகப் புகழ்பெற்ற லான்வைர்புல் ஊரில், பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு காலத்து எண்கோண டோல்கேட் வீடு இன்றும் நிற்கிறது. கட்டணப் பலகையும் அப்படியே இருக்கிறது: ஸ்பிரிங் வைத்த கோச் வண்டி இழுக்கும் குதிரை ஒன்றுக்கு 4 பென்ஸ், 20 ஆடுகள் கொண்ட மந்தைக்கு 5 பென்ஸ். அபெரிஸ்ட்வித் அருகே 1771-ல் கட்டிய இன்னொரு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து, கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

திருச்சியில் 'நம்பர் 1 டோல்கேட்' என்று ஒரு இடத்துக்கே பெயர் நிலைத்துவிட்டதே, அதுபோல வேல்ஸிலும் கேட் போய்விட்டது, வீடும் பெயரும் மிச்சம். ஹெண்டியில் இறந்த மூதாட்டியின் வழக்கில் மட்டும், 'காரணம் தெரியவில்லை' என்பதே கடைசி வரி.